லாடம் கழற்றிய குளிர்காலம்

"உங்களுக்குத்தான் போகிறதுக்கு எங்கேயும் இல்லையே, அதனால்தான் கேட்கிறேன்" என்றார் எங்கள் பிரின்சிபல். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. டிசம்பர் விடுமுறையில் யார் யார் எந்த ஊருக்குப் போகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். என் பெயருக்கு எதிரே மட்டும் காலியாக இருந்தது. உண்மையும் அதுதான். அந்த ஆகஸ்டில் அம்மா இறந்துபோயிருந்தாள். அண்ணன் ஆஸ்திரேலியாவில். புனேயில், போபோடியில் நானும் அம்மாவும் இருந்த இரண்டு அறை வீட்டில் இப்போது நான் மட்டும் இருந்தேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. எனக்கு நாற்பத்தொரு வயது. கோந்த்வாவைத் தாண்டி, அப்போது இன்னும் வயலும் பாறையுமாகக் கிடந்த ஒரு மேட்டில் இருந்தது எங்கள் பள்ளிக்கூடம். விடுதி உண்டு. அங்கே உயிரியல் டீச்சர் நான். தினமும் இரண்டு பஸ் மாறிப் போய், இரண்டு பஸ் மாறித் திரும்பி வருவேன். அம்மா இருந்தவரை அது ஒரு பாரமாகத் தெரிந்தது. அவள் போன பிறகு, பஸ்ஸில் கழிகிற அந்த மூன்று மணி நேரம் குறைந்துவிடக் கூடாதே என்றிருந்தது.

பிரின்சிபல் கேட்டது குதிரைகளைப் பற்றி. பள்ளியில் ஒரு காலத்தில் ஆறு குதிரைகள் இருந்தன. பிள்ளைகளுக்குச் சவாரி சொல்லிக்கொடுத்தார்கள். முந்தின வருஷம் ஒரு பையன் விழுந்து கையை உடைத்துக்கொண்டான். பெற்றோர் வந்து சத்தம் போட, நிர்வாகம் சவாரி வகுப்பையே நிறுத்திவிட்டது. நல்ல குதிரைகள் மூன்றையும் யாரோ வாங்கிப் போனார்கள். யாருக்கும் வேண்டாத மூன்று மிஞ்சின. ஒன்று வயதான வெள்ளைக் குதிரை. ஒன்று வயிறு பெருத்த மட்டக்குதிரை. மூன்றாவது, செவலை நிறத்தில் ஒரு பெண்குதிரை. பந்தயத்தில் ஓடி எதிலும் ஜெயிக்காமல் இங்கே வந்து சேர்ந்தது. லாயத்தில் இருபது வருஷமாக வேலை பார்த்தவரை அனுப்பாமல், தோட்ட வேலையையும் சேர்த்துக் கொடுத்து வைத்திருந்தார்கள். பீட் மாவட்டத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். பள்ளியில் வேலையாட்கள் எல்லோரையும் நாங்கள் மாமா என்றுதான் கூப்பிடுவோம். அவரையும் அப்படித்தான். அவருடைய மகளுக்குக் கல்யாணம். மூன்று வாரம் ஊருக்குப் போக வேண்டும்.

"தீனி போட வாட்ச்மேன் இருக்கிறார். ஆனால் குதிரையின் கால் பக்கம் அவர் போகமாட்டார். பயப்படுகிறார்" என்றார் பிரின்சிபல். "நீங்கள் உயிரியல் டீச்சர். விடுதியில் மேட்ரன் அறையைத் திறந்துவிடச் சொல்கிறேன்."

மறுத்திருக்கலாம். சரி என்றேன்.

மழைக்காலம் முடிந்ததும் மூன்று குதிரைகளுக்கும் லாடத்தைக் கழற்றிவிட்டிருந்தார்கள். சவாரி இல்லாத குதிரைக்கு லாடம் எதற்கு என்று நிர்வாகத்தின் முடிவு. மாமாவுக்கு அதில் வருத்தமில்லை. வெறுங்கால்தான் குதிரைக்கு நல்லது, ஆனால் முதல் குளிர்காலத்தைத் தாண்டுவதுதான் கஷ்டம் என்றார். லாடத்திலேயே நின்று பழகிய குளம்பின் அடிப்பாகம் மெல்லியதாக இருக்குமாம். புனேயில் டிசம்பர் வந்தால் தரை காய்ந்து கல்லாகிவிடும். காற்றில் ஈரமே இருக்காது. நம் உதடும் குதிகாலும் வெடிக்கிற மாதிரியே குளம்பும் ஓரத்தில் வெடித்துப் பிளக்கும். குளிரில் அது வளர்வதும் மெதுவாகிவிடும். உடைந்ததை ஈடுகட்ட நாளாகும்.

போகிறதற்கு முந்தின நாள் என்னை லாயத்துக்குக் கூட்டிப்போய் வேலையைக் காட்டினார். செவலையின் தோளில் கையை வைத்து, அப்படியே காலோடு இறக்கி, "பைர்" என்றார். ஹிந்தியில் கால். அது காலைத் தூக்கி அவர் கையில் கொடுத்துவிட்டது. ஒரு இரும்புக் கொக்கியால், குதிகால் பக்கமிருந்து நுனிப் பக்கமாக, அடியில் அடைத்திருந்த மண்ணையும் சாணியையும் தோண்டி எடுத்தார்.

"நடுவில் முக்கோணமாக மெத்தென்று இருக்கிறதே, இதில் கொக்கி படக் கூடாது. இது குதிரைக்கு உயிர்" என்றார். "இரண்டு பக்கமும் இருக்கிற பள்ளத்தைச் சுத்தமாக எடுக்க வேண்டும். மோந்து பாருங்கள்."

"மோந்தா?"

"கெட்ட வாடை வந்தால் அழுகுகிறது என்று அர்த்தம். கண்ணால் தெரியாது, மூக்கில் தெரியும்."

குனிந்து மோந்தேன். மண் வாடையும் லேசாகச் சீவிய நகத்தின் வாடையும் வந்தது.

தினமும் இரண்டு வேளை, பன்னிரண்டு குளம்பும். சுத்தம் செய்து, வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து, உள்ளங்கையால் சூடு தொட்டுப் பார்க்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியை நிரம்பி வழியவிட்டுச் சுற்றிலும் சேறாக்கி வைக்க வேண்டும். குடிக்க வந்து நிற்கும்போது குளம்பு நனையும். கடைசியாக ஒன்று சொன்னார். வாசலுக்குப் பக்கத்தில் புதுக் கட்டடத்துக்காக ஜல்லி கொட்டி வைத்திருந்தார்கள். "அந்தப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. சுற்றிக்கொண்டு மண் பாதையில் போங்கள். இப்போது இவற்றுக்கு ஜல்லி, கண்ணாடித் துண்டு மாதிரி."

மறுநாள் பிள்ளைகள் எல்லோரும் பஸ்களில் ஏறிப் போய்விட்டார்கள். மாமாவும் ஒரு தகரப் பெட்டியோடு போனார். மதியத்துக்குள் பள்ளி காலியாகிவிட்டது. நானூறு பிள்ளைகள் சாப்பிடுகிற கூடத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, ஸ்டவ்வில் வைத்த கஞ்சியைக் குடித்தேன். கரண்டி தட்டில் படுகிற சத்தம் கூடத்தின் மறுகோடி வரை போய்த் திரும்பி வந்தது.

முதல் இரண்டு நாள் செவலை எனக்குக் காலைக் கொடுக்கவில்லை. நான் "பைர்" என்று சொன்னது அதன் காதில் சரியாக விழவில்லையோ என்னவோ. என் வாயில் ஹிந்தி எப்போதும் கொஞ்சம் மரியாதையாகத்தான் வரும், கெஞ்சுகிற மாதிரி. மூன்றாம் நாள் இடுப்பு வலியில் பொறுமை போய், "ஏ, காலக் குடுட்டி! எவ்வளவு நேரம் நிக்கது!" என்று கத்திவிட்டேன். கொடுத்துவிட்டது.

அந்தச் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. அம்மாவை அடக்கம் பண்ணின பிறகு நான் தமிழில் வாய்விட்டுப் பேசியதே இல்லை. பள்ளியில் இங்கிலீஷ், பஸ்ஸில் மராத்தி, கடையில் ஹிந்தி. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஜெபம் சொல்வது பேச்சில் சேராது. அன்றிலிருந்து குதிரைகளிடம் தமிழிலேயே பேசினேன். அம்மாவிடமிருந்து வந்த எங்கள் பாளையங்கோட்டைத் தமிழ். வெள்ளைக் கிழவனிடம் மரியாதையாக, மட்டக்குதிரையைத் திட்டி, செவலையிடம் என்னென்னவோ.

காலை ஆறரைக்குப் போவேன். பனி புல்லில் வெள்ளையாக இருக்கும். மூன்றின் மூக்கிலிருந்தும் ஆவி வரும். அம்மாவின் பழைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு காலாக என் முழங்கால்களுக்கு நடுவே தாங்கி, கொக்கியும் பிரஷ்ஷுமாக வேலை செய்வேன். என் கைகளுக்கு இந்த வேலை ஒரு விதத்தில் பழக்கம்தான். அம்மாவுக்குச் சர்க்கரை. கடைசி இரண்டு வருஷம் அவள் பாதத்தில் ஆறாத புண் இருந்தது. தினமும் கழுவி, மருந்து வைத்து, கட்டுப் போட்டுவிட்டுத்தான் பள்ளிக்குக் கிளம்புவேன். அவள் போன பிறகு காலை ஐந்தரைக்கு விழிப்பு வந்து, செய்ய ஒன்றுமில்லாமல் கட்டிலில் உட்கார்ந்திருப்பேன்.

அண்ணன் பள்ளி ஆபீஸ் நம்பருக்குப் போன் பண்ணுவதாகக் கடிதம் எழுதியிருந்தான். கிறிஸ்மஸுக்கு முந்தின ஞாயிறு, சாயந்தரம் நாலு மணி. அன்றைக்கு மூன்றரைக்குத்தான் நினைவு வந்தது. செவலையைக் கீழ் மைதானத்தில் மேயவிட்டிருந்தேன். அதை அப்படியே விட்டுவிட்டு ஓடியிருக்கலாம். ஆனால் வேலி ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. தலைக்கயிற்றைப் பிடித்து வேகமாக நடத்திக்கொண்டு வந்தேன். மண் பாதை சுற்று. ஆபீஸின் ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே மணி அடிப்பது கேட்டது.

ஜல்லி வழியாகக் கொண்டுபோனேன். பதினைந்து இருபது அடி தூரம்தான். நடுவில் செவலை சட்டென்று தலையைத் தூக்கி, இடது முன்னங்காலை எடுத்து எடுத்து வைத்தது. நான் கயிற்றை இழுத்தேன். வந்துவிட்டது. வேப்பமரத்தில் கட்டிவிட்டு ஓடிப் போய் எடுத்தேன்.

"என்னட்டி, இவ்வளவு நேரம் அடிக்கேன்" என்றான் அண்ணன்.

"குதிரைகிட்ட இருந்தேன்ணே."

"குதிரையா?" சிரித்தான். பிறகு அவன் மகள் வந்து, "ஹாப்பி கிறிஸ்மஸ், அத்தே" என்றாள். அத்தே என்ற ஒரு சொல்லைத் தவிர மற்றது எல்லாம் இங்கிலீஷில். மறுபடி அண்ணன் வந்தான். "அந்த வீட்ட விட்டுரு. எதுக்கு அங்க தனியாக் கெடக்க? பள்ளிக்கூடத்துலயே ஒரு ரூம் கேளு. அம்மா சாமானெல்லாம் யாருக்காவது குடுத்துரு."

"பாக்கேன்" என்றேன்.

"தையல் மிஷின மட்டும் வச்சுக்க. நல்ல மிஷின்."

அம்மா எப்படி இருந்தாள், கடைசியில் என்ன சொன்னாள் என்று அவன் கேட்பான் என நான் நினைத்திருந்தேன். அடக்கத்துக்கு அவனால் வர முடியவில்லை. அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. லைன் இரைந்தது. சந்தோஷமாக இரு என்று சொல்லி வைத்துவிட்டான். வெளியே வந்து பார்த்தேன். செவலை நான்கு காலிலும் ஒழுங்காக நின்றுகொண்டிருந்தது. அன்று சாயந்தரம் குளம்பைத் தூக்கிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. தெரியாதது எனக்கு வசதியாகவும் இருந்தது.

கிறிஸ்மஸ் அன்றைக்கு என் திட்டம் இது: ஆறு மணிக்குக் குளம்புகளை முடித்துவிட்டு, ஏழு மணி பஸ்ஸைப் பிடித்து, ஒன்பது மணிக்குக் கட்கியில் எங்கள் தமிழ்க் கோயில் ஆராதனைக்குப் போய்விடுவது. பிறந்த வருஷத்திலிருந்து தவறியதில்லை. புடவையை முந்தின நாளே இஸ்திரி போட்டு வைத்திருந்தேன்.

லாயத்தில் செவலை மூன்று காலில் நின்றுகொண்டிருந்தது. இடது முன்னங்கால் நுனி மட்டும் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. தீவனத்தைத் தொடவில்லை. கழுத்தில் வேர்வை, அந்தக் குளிரில். காலைத் தொட்டேன், குளம்பு அடுப்புக் கல் மாதிரி சுட்டது. கால் உடைந்துவிட்டது என்றே நினைத்தேன்.

வழக்கமாக வருகிற மிருக டாக்டர் வீட்டில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. பிரின்சிபல் தன் அக்கா வீட்டு நம்பரைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அவரிடம் சொன்னேன்.

"உடைந்திருந்தால் டாக்டரை வைத்து முடித்துவிடலாம். பாவம், அதுவும் கஷ்டப்பட வேண்டாம்" என்றார். "இங்கே ஒரே சத்தமாக இருக்கிறது, சரியாகக் கேட்கவில்லை. நீங்களே பார்த்து முடிவு பண்ணுங்கள். ஹாப்பி கிறிஸ்மஸ்."

அப்போது லாடக்காரர் நினைவு வந்தது. பள்ளிக் குதிரைகளுக்கு லாடம் அடித்துக்கொண்டிருந்தவர், கழற்றியதும் அவர்தான். என் வயதுதான் இருக்கும். அவர் வீடு போபோடியில், எங்கள் வீட்டிலிருந்து மூன்று சந்து தள்ளி. சலாம் வைத்துக்கொள்கிற பழக்கம், அவ்வளவுதான். வாட்ச்மேனிடம் செவலையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கோயிலுக்குப் போக வேண்டிய அதே பஸ்ஸில் ஏறினேன். கட்கியைத் தாண்டும்போது எங்கள் கோயில் மணி கேட்டது. புதுத்துணியில் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள். நான் சாணி ஒட்டின சல்வாரோடு உட்கார்ந்திருந்தேன்.

அவர் வாசலில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாய், செவலை காலை ஊன்றமாட்டேன் என்கிறது. நீங்கள் வந்து பார்க்க வேண்டும்."

"நான்தான் அப்போதே சொன்னேன், கழற்றாதீர்கள் என்று. யார் கேட்டார்கள்?" துணியை உதறினார். "செருப்பில்லாமல் நீங்கள் நடப்பீர்களா, டீச்சர்?"

"கோபமெல்லாம் அப்புறம் படுங்கள், பாய். இப்போது வாருங்கள்."

என் முகத்தைப் பார்த்தார். உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தார். ஸ்கூட்டரின் பின்னால் அந்த இரும்புப் பையை மடியில் வைத்துக்கொண்டு நான் கோந்த்வா வரை போனேன்.

பெரிய இடுக்கி ஒன்றை எடுத்துக் குளம்பைச் சுற்றி அங்கங்கே மெதுவாக அழுத்திப் பார்த்தார். ஓர் இடத்தில் செவலை காலைப் பிடுங்கிக்கொண்டு பின்னால் போய்ச் சுவரில் மோதியது.

"உடையவில்லை. உள்ளே சீழ் கட்டியிருக்கிறது" என்றார். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். "இது இன்றைக்கு வந்ததல்ல. ஒரு வாரம் இருக்கும். கூரான கல் எங்கேயோ குத்தியிருக்கிறது. எங்கே கொண்டுபோனார்கள் இதை?"

"ஜல்லி மேல். நான்தான் கொண்டுபோனேன். போன் எடுக்கிறதுக்காக."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் வளைந்த கத்தியால் அந்த இடத்தைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தார். கறுப்பாக ஒரு புள்ளி தெரிந்தது, சீழ் வரவில்லை. "இன்னும் பழுக்கவில்லை. தோண்டினால் பெரிய ஓட்டையாகிவிடும், வெறுங்கால் குதிரைக்கு அது ஆகாது. வெந்நீரில் கல் உப்புப் போட்டு மூன்று வேளை ஊற வைக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் அரைமணி நேரம். பிறகு கோதுமைத் தவிட்டைச் சூடாகப் பிசைந்து வைத்துக் கட்ட வேண்டும். அதுவாகவே வழி பண்ணிக்கொண்டு வெளியே வரும். சில சமயம் மேலே, ரோமம் ஆரம்பிக்கிற இடத்தில் உடைக்கும்."

"எத்தனை நாள் ஆகும்?"

"மூன்று நாளும் ஆகலாம், பத்து நாளும் ஆகலாம். அதுவரை வலி இருக்கும். உங்களால் முடியுமா?"

"முடியும்" என்றேன்.

போகும்போது ஸ்கூட்டரின் பழைய டயர் டியூப் ஒன்றைக் கத்தியால் வெட்டி, கட்டின் மேல் மாட்டுவதற்கு ஒரு செருப்பு மாதிரி செய்து கொடுத்துவிட்டுப் போனார்.

விடுதிச் சமையலறையில் பெரிய பானையில் தண்ணீர் காய்ச்சி, இரண்டு வாளிகளில் மைதானத்தைக் கடந்து தூக்கிக்கொண்டு போக வேண்டும். போய்ச் சேர்வதற்குள் கால்வாசி என் மேல் சிந்திவிடும். முதல் நாள் செவலை வாளியை மூன்று முறை உதைத்துத் தள்ளியது. மூன்று முறையும் திரும்பிப் போய்க் காய்ச்சினேன். நாலாவது முறை, காலை உள்ளே வைத்துவிட்டு, அதன் முழங்காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துகொண்டேன். சூடு ஏற ஏற அதன் தலை மெதுவாகத் தாழ்ந்து வந்தது. கடைசியில் என் தோளுக்குப் பக்கத்தில் மூச்சு விட்டுக்கொண்டு நின்றது.

அரைமணி நேரம் என்பது நீளம். அந்த நேரங்களில்தான் செவலையிடம் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் அவள் கடைசியாகக் கேட்டது அண்ணனை இல்லை, என்னையும் இல்லை. அடுப்பில் பால் வைத்தோமே இறக்கினோமா என்று கேட்டாள். இறக்கிவிட்டேன் அம்மா என்றேன். சரி என்று கண்ணை மூடிக்கொண்டாள். அண்ணனிடம் போனில் சொல்ல வைத்திருந்தது இதுதான். சொல்லி முடித்தபோது வாளித் தண்ணீர் ஆறிப்போயிருந்தது. காலை எடுத்துத் துடைத்து, தவிட்டை வைத்து, சாக்குத் துணியால் சுற்றி, டியூப் செருப்பை மாட்டினேன்.

நடுவே மற்ற இரண்டின் குளம்புகளையும் விடவில்லை. மட்டக்குதிரை பொறாமையில் என் பின்பக்கத்தைக் கடித்தது.

மூன்று நாள் போயிற்று. நாலாம் நாள் செவலை படுத்துவிட்டது, சாயந்தரம் வரை எழுந்திருக்கவில்லை. டாக்டர் அன்றைக்குத்தான் போனில் கிடைத்தார். லாடக்காரர் சொன்னதையே அவரும் சொன்னார். புத்தாண்டு முடிந்து வருகிறேன், அதுவரை நிறுத்தாதீர்கள் என்றார். ஜல்லியில் நடக்கும்போது அது தலையைத் தூக்கியது என் கண் முன்னே வந்துகொண்டே இருந்தது. ஒரு போனுக்காக. இரண்டு நிமிஷம் பொறுத்திருந்தால் அண்ணன் மறுபடி அடித்திருக்கமாட்டானா என்று கேட்டுக்கொண்டேன். அடித்திருக்கமாட்டான் என்று பயந்துதான் அந்த வழியில் போனேன்.

ஐந்தாம் நாள் காலை கட்டை அவிழ்த்ததும் அழுகின முட்டை நாற்றம் முகத்தில் அடித்தது. குதிகாலுக்கு மேலே, ரோமம் ஆரம்பிக்கிற இடத்தில், ஒரு விரல் அகலத்துக்கு உடைந்து, கறுப்பும் சாம்பலுமாகச் சீழ் வழிந்துகொண்டிருந்தது. செவலை அந்தக் காலைத் தரையில் வைத்தது. எடுத்தது. மறுபடி வைத்து, முழுப் பாரத்தையும் போட்டு நின்றது. பிறகு தொட்டியில் தலையைவிட்டுத் தீவனத்தை மென்றது.

நான் ஓடினேன். மைதானத்தைக் கடந்து, ஆபீஸ் கதவைத் திறந்து, போனைக் கையில் எடுத்தேன். எடுத்த பிறகுதான் யாருக்கு என்று தோன்றியது. அண்ணனுக்கு இங்கிருந்து பேச ஆபீஸ் போனில் வழியில்லை. பிரின்சிபல் ஹாப்பி நியூ இயர் என்பார். டீச்சர்கள் எல்லோரும் ஊரில். ரிசீவரில் அந்த ஒரே சீரான சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அதைக் கேட்டுவிட்டு வைத்தேன். வாசலில் வாட்ச்மேன் வெயிலில் உட்கார்ந்து சவரம் செய்துகொண்டிருந்தார்.

"செவலைக்குச் சீழ் உடைந்துவிட்டது" என்றேன்.

"அச்சா, மேடம்" என்றார், கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

திரும்பிப் போய் உப்புத் தண்ணீரால் கழுவி, அயோடின் வைத்துக் கட்டினேன். சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. இரண்டும் அடங்குகிற வரை அதன் கழுத்தில் சாய்ந்து நின்றேன்.

இரண்டு நாள் கழித்துப் போபோடி வீட்டுக்கு மாற்றுத் துணி எடுக்கப் போனபோது லாடக்காரர் வீட்டில் போய்ச் சொன்னேன். அவர் வேலைக்குப் போயிருந்தார். அவர் மனைவிதான் இருந்தாள். அதுவரை பேசிப் பழக்கமில்லை. நான் வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுக் கிளம்பப் பார்த்தேன். அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்கார வைத்தாள்.

"எந்த இடத்தில் உடைந்தது? குதிகால் பக்கமா?"

"ஆமாம்."

"நாற்றம் தாங்கியிருக்காதே."

"தாங்கவே முடியவில்லை" என்றேன். அவளிடம் முதலிலிருந்து கடைசி வரை சொன்னேன், வாளியை உதைத்ததிலிருந்து. லாடக்காரர் பெண்டாட்டி அல்லவா, எல்லாம் புரிந்தது. டீ கொடுத்தாள். இரண்டாவது டீயும் கொடுத்தாள். கிளம்பும்போது, "உங்கள் அம்மா தையல் மிஷின் சத்தம் இந்தச் சந்து வரை கேட்கும். இப்போது கேட்பதில்லை" என்றாள்.

மாமா ஜனவரி முதல் வாரத்தில் கல்யாணத்து லட்டுவோடு வந்தார். லட்டைக் கொடுத்துவிட்டு, உட்காரக்கூடச் செய்யாமல் லாயத்துக்குப் போய், பன்னிரண்டு குளம்பையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். நான் பரீட்சைப் பேப்பர் திருத்தக் கொடுத்த பிள்ளை மாதிரி நின்றேன். மட்டக்குதிரையின் பின்னங்காலில் நான் பார்க்காமல் விட்ட ஒரு வெடிப்பைக் கண்டுபிடித்தார். செவலையின் காலைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன், ஜல்லியையும் சேர்த்து.

"எனக்கும் ஒரு தடவை ஆகியிருக்கிறது" என்றார். "வேறு குதிரை. நான் சரியாகக் கவனிக்கவில்லை. அது பிழைக்கவில்லை." பிறகு கொக்கியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

பள்ளி திறந்தது. பிள்ளைகள் வந்தார்கள். நான் பழையபடி இரண்டு பஸ் மாறி வந்து போனேன். மதிய இடைவேளையில் போய்ப் பார்ப்பேன்; மாமாவின் வேலையில் குறுக்கே நிற்கிற மாதிரி இருக்கும், சீக்கிரம் வந்துவிடுவேன். மார்ச்சில் நிர்வாகம் மூன்று குதிரைகளையும் ஹடப்சரைத் தாண்டி ஒரு பண்ணைக்காரருக்குக் கொடுத்துவிட்டது. நல்ல மனிதர், சவாரிக்கு இல்லை, சும்மா வைத்துக்கொள்வதற்கு. மாமாவும் அவற்றோடேயே போய்விட்டார். லாரியில் ஏற்றுகிற அன்று எனக்கு ஒன்பதாம் வகுப்பில் பாடம் இருந்தது. ஜன்னல் வழியாக லாரி வாசலைத் தாண்டுவதைப் பார்த்தேன்.

வீட்டை நான் விடவில்லை. அண்ணனுக்கு ஒரு நீளக் கடிதம் எழுதினேன், அம்மா கேட்ட பால் விஷயத்தையும் சேர்த்து. இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. ஒரே பக்கம். அதை வாசித்துவிட்டு வேலைக்குப் போகிற வழியில் காரை ஓரமாக நிறுத்தி அழுததாக எழுதியிருந்தான்.

குதிரைக்குக் குளம்பின் மேலே சீழ் உடைந்த இடத்தில் ஒரு குறுக்குக் கீறல் விழும். நகம் வளர வளர அது கீழே இறங்கும். அடி வரை வந்து சேர ஒரு வருஷம் பிடிக்கும். நான் மாதம் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பஸ் பிடித்துப் பண்ணைக்குப் போய் அதைப் பார்த்தேன். ஏப்ரலில் ரோமத்துக்குக் கீழே இரண்டு விரல். மழைக்காலத்தில் பாதி. மழையில் மூன்றின் குளம்பும் அகன்று, வட்டமாகி, அடி தடித்திருந்தது. செவலை கல் பாதையில் தயங்காமல் நடந்தது. என்னைக் கண்டால் என் பையைத்தான் மோந்து பார்க்கும், காரட்டுக்காக. யார் பையையும் அப்படித்தான் மோந்து பார்க்கும் என்றார் மாமா.

அடுத்த குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு போனபோது லாடக்காரரும் வந்திருந்தார். லாடம் வேண்டாம் என்ற பண்ணைக்காரருக்கு, ஆறு வாரத்துக்கு ஒருமுறை வந்து குளம்பைச் சீவி ஓரத்தை அரத்தால் உருட்டிக் கொடுப்பது இப்போது அவர் வேலை. "வெறுங்காலும் மோசமில்லை, டீச்சர்" என்று மட்டும் ஒப்புக்கொண்டார். செவலையின் இடது முன்னங்காலை மடியில் எடுத்தார். கீறல் அடி ஓரத்துக்கு வந்திருந்தது. கத்தியால் ஒரு வில்லை, பிறகு அரத்தால் நாலு இழுப்பு. கீறல் இருந்த துண்டு கீழே விழுந்தது. எடுத்துப் பார்க்கலாம் என்று நான் குனிவதற்குள் பண்ணை நாய் அதைக் கவ்விக்கொண்டு ஓடிப்போய் மரத்தடியில் படுத்துக் கடிக்க ஆரம்பித்தது. மாமா சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

"இனி இது புதுக் குளம்பு" என்றார் லாடக்காரர், காலை இறக்கிவிட்டு.

ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். எனக்கு நடக்க வேண்டும்போல் இருந்தது. பஸ் ஸ்டாப் வரை கரும்பு வயல் ஓரமாக நடந்தேன். பஸ் வர நேரமாயிற்று. சாயந்தர வெயில் இருந்தது, காற்று மட்டும் குளிர ஆரம்பித்திருந்தது. ஸ்டாப்பில் என்னைத் தவிர யாரும் இல்லை.